நண்டு ஓட்டில் வைத்த செய்வினை

ஆவிகளைப் பற்றியே எழுதிவிட்டு அவற்றோடு போய்ச் சேர்ந்துகொண்ட என் அருமை அண்ணனுக்கு,

உங்கள் கூடப்பிறக்காத தங்கச்சி கன்னியம்மா எழுதுவது. நீங்கள் போய் நாலு வருஷம் ஆகிறது. அங்கே பேய் பிசாசெல்லாம் நீங்கள் எழுதினபடிதான் இருக்கின்றனவா, இல்லை அதுவும் ரீல்தானா? சரி, முதலில் என் சேதியைக் கேளுங்கள். சந்தோஷத்தில் நெஞ்சு இன்னும் படபடவென்று அடிக்கிறது.

உங்கள் மாந்திரீக நாவல் போன செவ்வாய்க்கிழமை மரக்காணம் உப்பளத்தில் நிஜமாகவே நடந்துவிட்டது.

அதற்கு முன்னால் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். கிளியனூரிலிருந்து மொபெட்டில் வந்து எங்கள் வரப்பில் உட்கார்ந்தீர்களே, ஞாபகம் இருக்கிறதா? "எலுமிச்சம்பழம், மண்டை ஓடு, சுடுகாட்டுச் சாம்பல் எல்லாம் எழுதிட்டேன் தங்கச்சி. படிக்கிறவங்க புதுசா கேக்கறாங்க. இந்தப் பக்கம் செய்வினை எப்படி வெப்பாங்க?" என்று நோட்டும் பேனாவுமாகக் கேட்டீர்கள். எனக்கு ஒரு மண்ணும் தெரியாது. காலடியில் ஒரு செத்த நண்டு கிடந்தது. அதைப் பார்த்துக்கொண்டே அள்ளி விட்டேன்.

"நண்டு ஓட்டுல புது உப்பை ரொப்பணும்ண்ணே. தலைமுடியால ஏழு சுத்து சுத்தி, கிழக்க பாத்து வரப்புல வெக்கணும். அந்தப் பாத்தியில கால் வெக்கறவங்க உச்சிப் பொழுதுக்குள்ள ரத்தம் கக்குவாங்க."

"நெசமாவா?" என்றீர்கள். "எங்க அம்மா மேல சத்தியமா" என்றேன். அம்மா செத்துப் பத்து வருஷம் ஆகியிருந்தது, அந்தத் தைரியம்தான். நீங்களும் அதை அப்படியே நாவலில் எழுதிவிட்டீர்கள்.

செவ்வாய்க்கிழமை விடியலில் உப்பு வாரப் போனால், அதே நண்டு ஓடு, அதே ஏழு சுற்று, வரப்பில் கிழக்கே பார்த்து உட்கார்ந்திருக்கிறது. அத்தனை பேரும் கூடையைப் போட்டுவிட்டுப் பின்வாங்கினார்கள். எல்லார் கண்ணும் தேவகி மேல் போனது. பெருமுக்கல்லிலிருந்து வந்து ஒரு மாதம்கூட ஆகாதவள். புருஷன் இல்லை, ரெண்டு பிள்ளைகள், இந்தக் கூலியில்தான் அடுப்பு எரிகிறது.

"இவ கால் வெச்ச நேரம்தான்" என்று முதலில் ஆரம்பித்தவள் எல்லம்மா. மேஸ்திரி தலையைச் சொறிந்தார். "நீ நாளையிலேருந்து வர வேணாம்மா" என்றார். தேவகி தூக்குவாளியை எடுத்துக்கொண்டாள்.

பொய் என்னுடையது, பழி அவளுக்கா?

"நில்லுங்க மேஸ்திரி. நாவல் எழுதற எங்க அண்ணனுக்கு நான் கட்டி விட்ட கதை இது. உச்சிப் பொழுதுக்குள்ள ரத்தம் கக்குவாங்கன்னு சொன்னதும் நான்தான். இதுல ஒண்ணும் கெடையாது."

"இவளைக் காப்பாத்த இப்பதான் கட்டறியாக்கா?" என்றாள் எல்லம்மா. அவள் கேட்டதும் நியாயம்தான். எந்நேரமும் கதை விடுகிற வாயை யார் நம்புவார்கள்?

நேராகப் பாத்தியில் இறங்கினேன். ஓட்டைப் பிரித்து, அதிலிருந்த உப்பை என் கூழில் கலக்கி, எல்லாரும் பார்க்கக் குடித்தேன். "உச்சிப் பொழுது வரைக்கும் தேவகி இங்கயே இருப்பா. நான் ரத்தம் கக்கலன்னா அவளுக்கு வேலை. சரியா?" மேஸ்திரி தலையாட்டினார்.

அன்றைக்கு யாரும் வேலை பார்க்கவில்லை, என் வாயைத்தான் பார்த்தார்கள். அப்படிப் பார்த்தால் என்னால் சும்மா இருக்க முடியுமா? வெயிலுக்கு முக்காடு போடுகிற சாக்கில் முகத்தை மூடிக்கொண்டு, இடுப்புப் பையிலிருந்த வெற்றிலையை யாருக்கும் தெரியாமல் போட்டுக்கொண்டேன். வெயில் உச்சிக்கு ஏறும் நேரம், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு குனிந்து, வெள்ளை உப்பின் மேல் சிவக்கச் சிவக்கத் துப்பினேன்.

எல்லாரும் பின்னால் ஓடினார்கள். ஒருத்தி மட்டும் முன்னால் ஓடி வந்தாள். தேவகி. பாத்தியில் இறங்கி, "அக்கா, அக்கா" என்று என்னைத் தாங்கிப் பிடித்துக்கொண்டாள்.

வரப்பில் எல்லம்மா மாரில் அடித்துக்கொண்டாள். "ஐயோ, நாந்தான் வெச்சேன். வீட்டுல கெடந்த பழைய புக்கைப் பாத்து வெச்சேன். என் தங்கச்சிக்குக் கேட்ட எடத்துல இவ வந்துட்டா. பயந்து ஓடட்டும்னுதான் வெச்சேன், அக்கா சாவணும்னு வெக்கல."

வாயைத் திறந்து வெற்றிலையைக் காட்டினேன்.

"அடிப்பாவி, அரைக் கூடை உப்பை நாசம் பண்ணிட்டியே" என்றார் மேஸ்திரி. அதற்கப்புறம் சிரித்தார்கள் பாருங்கள். தேவகி மட்டும் சிரிக்கவில்லை. என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். அவள் வைக்கலாம், வாங்கிக்கொண்டேன்.

மறுநாள் தேவகி வேலைக்கு வந்தாள். எல்லம்மாவும் வந்தாள். ரெண்டு பேரும் இன்னும் பேசிக்கொள்வதில்லை. எல்லம்மா என்னைத் தனியாக இழுத்து மெதுவாகக் கேட்கிறாள்: "ஏங்க்கா, அப்ப அது நெசமாவே வேலை செய்யாதா?"

என் பொய்க்கு இத்தனை பலமா? நீங்கள் நம்பித்தான் எழுதினீர்களா, அண்ணே? இல்லை, புளுகென்று தெரிந்தே எனக்காக எழுதினீர்களா? கேட்காமலே விட்டுவிட்டேன்.

கதை விடுவதை நிறுத்துகிறேன் என்று சொன்னால் நீங்களே சிரிப்பீர்கள். அது என்னால் ஆகாது. ஆனால் உங்கள் புத்தகத்தைக் காட்டி எவளையாவது வெளியே போ என்று சொன்னால், அவள் தூக்குவாளியை எடுப்பதற்கு முன்னால் நான் எழுந்து நின்று, அது என் பொய் என்று சொல்லிவிடுவேன். நம்பாவிட்டால் நம்பும் வரைக்கும் சொல்வேன்.

உங்களையே ஏமாற்றிய உப்பளத்துத் தங்கச்சி,
கன்னியம்மா