பழங்காலச் சமாதியில் பாவாயிக்கு ஓர் ஒப்பாரி

என் பாவாயிக்கு,

இங்கே நான் நலம். உன் நலத்தை யாரிடம் கேட்பது என்று தெரியாமலேயே இத்தனை வருசம் போய்விட்டது. இன்று உனக்குச் சொல்ல ஒரு நல்ல சேதி இருக்கிறது. அதனால் எழுதுகிறேன்.

ஆமாம், நானேதான் எழுதுகிறேன். நம் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சாயங்காலம் பெரியவர்களுக்கு வகுப்பு நடக்கிறது. மேகலா டீச்சர் சொல்லித் தருகிறாள். நம் பேத்தி வயசுதான் இருக்கும். நான் ஒரு வரி எழுதுவதற்குள் டீ ஆறிவிடுகிறது. ஆனாலும் எழுதிய வரியைத் திரும்பப் பார்க்கும்போது வாய் தானாகச் சிரிக்கிறது. இந்தக் கடிதத்தை வகுப்பு மலரில் போடப் போகிறார்களாம். ஊரே படிக்கும். நீ கூச்சப்படாதே.

ரிக் வண்டியில் தேசம் தேசமாகப் போய்ப் போர்வெல் போட்டபோது எத்தனை பெயர்ப் பலகைகளைக் கடந்திருப்பேன்! தமிழ்ப் பலகையும் இந்திப் பலகையும் எனக்கு ஒன்றுபோலத்தான் இருந்தன. நீ கண்ணை மூடிய அன்றும் அப்படி ஒரு ஊரில்தான் இருந்தேன். சேதி வந்து, லாரி மாறி லாரி ஏறி நான் வந்து சேர்ந்தபோது உன் மேல் போட்ட மண் காய்ந்துவிட்டிருந்தது.

உன் முகத்தை நான் பார்க்கவில்லை. உன்னை எப்படி அனுப்பினார்கள்? கட்டியவன் இல்லாமல் தனியாகப் போகிறாளே என்று யாராவது நினைத்தார்களா? கேட்க எனக்கு வாய் வரவில்லை. காரியம் முடிந்த வீட்டில் மறுபடி அழுகையைக் கிளப்பக் கூடாது என்று நினைத்தோ என்னவோ, யாரும் தானாகச் சொல்லவும் இல்லை. அந்தக் கேள்வியோடுதான் மறுபடியும் வண்டி ஏறினேன். வேலையை விட்டு ஊரோடு வந்த பிறகும் அது என்னோடுதான் இருந்தது.

போன வாரம் டீச்சர் எங்களை வேனில் ஏற்றி, கெங்கவல்லிப் பக்கம் ஒரு அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப் போனாள். சின்னக் கட்டடம். நடுவில் ஒரு பழங்காலச் சமாதி. யாரோ வீடு கட்டத் தோண்டியபோது தென்பட்டதாம். அதை அசைக்காமல் அப்படியே விட்டு, சுற்றிலும் சுவர் எழுப்பிக் கூரை போட்டிருக்கிறார்கள். நாலு பக்கமும் பலகைக் கல். உள்ளே எலும்புகள். தலைமாட்டில் கறுப்பும் சிவப்புமாகப் பானைகள். இவ்வளவு பெரிய கல்லை எந்தக் கிரேனும் இல்லாமல் எப்படித்தான் இறக்கினார்களோ!

கம்பிக்குப் பக்கத்தில் இருந்த பலகையை நான் உரக்கப் படித்தேன். அது ஒரு பெண்ணைப் புதைத்த இடம், அவளோடு பானைகளும் மணிகளும் ஓர் இரும்புக் கத்தியும் வைத்திருக்கிறார்கள் என்று எழுதியிருந்தது. நிறுத்தி நிறுத்தித்தான் படித்தேன். பின்னால் நின்றவர்கள் அடுத்த சொல்லுக்காகக் காத்திருந்தார்கள். என் வாயைப் பார்த்து ஒரு கூட்டம் நின்றது அன்றைக்குத்தான் பாவாயி.

“பொம்பளையா?” என்றாள் செல்லாயி. நம் பக்கத்து வீட்டுச் செல்லாயிதான். அவளும் வகுப்புக்கு வருகிறாள்.

“ஆமா, அப்படித்தான் போட்டிருக்குது.”

“அப்பறம் என்ன வேடிக்க பாத்துட்டு நிக்கறீங்க? எழவு ஊட்டுக்கு வந்துட்டு இப்படித்தான் நிப்பாங்களா?”

கொண்டையை அவிழ்த்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். மற்றப் பெண்களும் ஒருவர் தோளில் ஒருவர் கை போட்டு வட்டமாக உட்கார்ந்தார்கள். ஒப்பாரி ஆரம்பித்துவிட்டது!

காவல்காரர் ஓடி வந்தார். “என்னாம்மா ஆச்சு? யாராவது மயக்கம் போட்டு வுழுந்துட்டாங்களா?”

“செத்துக் கெடக்கறது கண்ணுக்குத் தெரியலயா சாமி?”

“பாட்டி, அவங்க செத்து எத்தினியோ ஆயிரம் வருசம் ஆவுது!”

“ஆனா என்ன? நாங்க இப்பத்தான வாரோம்.”

டீச்சர் சிரிப்பை அடக்கத் திரும்பிக்கொண்டாள். காவல்காரர் என்ன செய்வது என்று தெரியாமல் கைகட்டி ஒதுங்கி நின்றார். எனக்குத்தான் நிற்க முடியவில்லை. நானும் அப்படிக் காலம் கடந்துதானே உன்னிடம் வந்தேன்? ஆண்கள் அந்த வட்டத்தில் உட்காருவதில்லை என்று தெரியும். தெரிந்தும் உட்கார்ந்தேன்.

செல்லாயி என்னைப் பார்த்தாள். பார்த்ததும் ஒப்பாரியில் உன் பெயரைப் போட்டாள். “தேசம் சுத்தப் போன ராசா திரும்பி வந்து நிக்கறாரே, எந்திரிச்சுப் பாக்கலயா என் பாவாயி” என்று இழுத்தாள். எத்தனை வருசத்து அழுகை! எல்லாம் அங்கே வந்தது.

அழுகை ஓய்ந்ததும் கேட்டுவிட்டேன். “செல்லாயி, அவள எப்படி அனுப்புனீங்க?”

“இதக் கேக்கறதுக்கு இத்தன வருசமாங்கண்ணா? மஞ்சத் தேச்சுத் தலைக்கு ஊத்தி, பொறந்த ஊட்டுக் கோடிச் சேல கட்டி, நெத்தி நெறையப் பொட்டு வெச்சு அனுப்புனோம். ஊட்டுக்காரரு இல்லாம எப்படி அனுப்பறதுன்னுதான் ஒருத்தர் மொகத்த ஒருத்தர் பாத்தோம். நாந்தான் கொடியில கெடந்த உங்க சட்டைய எடுத்து மடிச்சு, அவ கைக்குள்ள வெச்சேன். கிரீசு கறையா இருக்குதே, அலசி வெக்கலாம்னு ஒருத்தி சொன்னா. வேண்டாம், அந்த வாசந்தான் அவளுக்குத் தெரியும்னு சொல்லிட்டேன்.”

பாவாயி, அது எந்தச் சட்டை? நீலக் கட்டம் போட்டதா? காணோம் என்று நான் தேடக்கூட இல்லையே! நான் எங்கோ பாறையைத் துளைத்துக்கொண்டிருந்த நேரத்தில், என்னை உன் கையில் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். நீ தனியாகப் போகவில்லை.

செல்லாயிக்குக் கைகூப்பி நன்றி சொன்னேன். “போங்கண்ணா, பொழப்பத்த பேச்சு” என்று கொண்டையை முடிந்துகொண்டு எழுந்தாள்.

புறப்படும்போது காவல்காரர் “போயிட்டு வாங்க” என்றார். “எழவு ஊட்டுல வாங்கன்னு சொல்லக் கூடாது சாமி” என்று ஒரு அதட்டல் போட்டுவிட்டு, பெண்கள் வாசல் குழாயில் தலைக்கு ஊற்றிக்கொண்டார்கள். சொட்டச் சொட்ட வேனில் ஏறினால் டிரைவர் சும்மா இருப்பாரா? “ஏனுங்க, மியூசியம் போறோம்னு சொன்னீங்களா, ஆத்துக்குப் போறோம்னு சொன்னீங்களா? சீட்டெல்லாம் போச்சுங்க!” நம் வெண்ணந்தூர் வந்து சேரும் வரை ஒரே சிரிப்பு.

பெயர் தெரியாத அந்த மகராசிக்கும் நான் நன்றி சொல்ல வேண்டும். அவள் பக்கத்தில் அந்தக் கத்தியை யார் வைத்தார்களோ. அவள் புருசனும் எங்காவது தூர தேசத்தில் இருந்தானோ, என்னவோ.

ஒரு சங்கடம் இருக்கிறது. நீயும் பள்ளிக்கூடம் போகாதவள். இதை உனக்கு யார் படித்துக் காட்டுவார்கள்? வருகிற அமாவாசைக்கு நானே வருகிறேன். உன் தலைமாட்டில் உட்கார்ந்து முதல் வரியிலிருந்து படிப்பேன். மெதுவாகத்தான் படிப்பேன், நேரமாகும். ஆகட்டுமே. அவசரமாக ஏற வேண்டிய வண்டி எதுவும் எனக்கு இனிமேல் இல்லை.

உன் வீட்டுக்காரன்,
செங்கோடன்