கிரந்தி இல்லை

கொழும்பு ஆஸ்பத்திரி,
12 ஆவணி 1931

அன்னப்பிள்ளைக்கு,

அறுத்துவிட்டார்கள். ஆண்குறியில் பாதிக்கு மேல் போய்விட்டது. காயம் ஆறுகிறது. குந்தியிருந்துதான் சலம் போகிறேன்.

கண்ட பெண்களிடம் போனால் தொற்றும் கிரந்தி இல்லையாம், புற்றுநோய். "ஒரு வருசமாய் என்ன செய்தீர்?" என்று டொக்டர் ஏசினார். நாட்டுவைத்தியம் பார்க்கிற பரியாரியின் கிரந்தி எண்ணெய் பூசினேன் என்றேன். எங்கடை பக்கம் அவ்விடத்தில் புண் வந்தால் கிரந்திதானே, வேறு நோய் ஆருக்குத் தெரியும்? உம்மைத் தவிர ஒருத்தியையும் தொடாத நானே, கடைக்குக் கருவாடு எடுக்கப்போன இடத்தில் எவனோ நோய்க்காரன் இருந்தெழும்பிய கல்லில் சூடு ஆறமுதல் நானும் இருந்ததால் தொற்றியது என்று நம்பினேன். நீர் கோபித்துத் தமையன் வீட்டுக்குப் போனதில் பிழையில்லை.

"எத்தினை வருசம் கிடைக்கும்?" என்று நேரே கேட்டேன். புற்று பரவித் தொடையிடுக்கில், கவட்டில் நெறி கட்டியிருந்தால் பாதிப்பேர் மிஞ்சமாட்டார்களாம். எனக்குக் கட்டவில்லை. அப்படியானவர்கள் பெரும்பாலும் அஞ்சு வருசம் தாண்டி, பிறகு வேறு ஏதாவதில் சாவார்களாம். சிரிக்காமல் சொன்னார்.

பக்கத்துக் கட்டில்காரருக்கு மனுசி வந்து தலை வாரிவிடுகிறாள். நான் சுவர்ப்பக்கம் திரும்பிவிடுகிறேன்.

இனி நான் முழு ஆம்பிளை இல்லை. உமக்கு வயதிருக்கிறது. விடச் சொன்னால் விடுகிறேன். வீட்டை உமக்கே எழுதித் தருவேன். ஓமா, இல்லையா?

சிங்கராசா

*

கட்டுக்கரை,
19 ஆவணி

இஞ்சேருங்கோ,

குளக்கட்டில் இருந்து வாசித்தேன். அண்ணர் கேட்டதற்கு, நெல் விலை எழுதியிருக்கு என்றேன்.

கல்லில் இருந்து வந்த நோய் என்று புருசன் சொன்னால் எவள் நம்புவாள்? நீங்கள் சண்டை பிடித்திருந்தால் நம்பியிருப்பன். நான் போன அடுத்த நாளே கடை திறந்து கருவாடு நிறுத்து விற்றீர்களாமே! அந்தக் கோபம் இன்னும் இருக்கு. ஆனால் ஒரு வருசமாய் இரவில் படுத்தால் என்ரை முதுகுப்பக்கம் குளிருது. அதையும் எழுதத்தான் வேணும்.

வீட்டைத் தந்து என்னை அனுப்பப் பார்க்கிறீர்கள். நல்ல வியாபாரம்! அரைக்கால் முக்கால் என்று நான் உங்களை அளக்கவில்லை. வீட்டை விட்டுக் கடையில் படுக்கிறதை விடவேணும். இனி ஒரு நோவென்றாலும் எனக்குத்தான் முதலில் சொல்லவேணும். ஒப்பென்றால் வாறன்.

அன்னப்பிள்ளை

*

கொழும்பு,
24 ஆவணி

என்ரை அன்னப்பிள்ளைக்கு,

இரண்டுக்கும் ஒப்பு. உம்முடைய கடிதத்தை மடிக்கவே மனம் வரவில்லை.

சனிக்கிழமை வீட்டுக்கு விடுகிறார்கள். நெறி பிந்தியும் கட்டலாமாம். கவட்டைத் தடவிப் பார்த்துக்கொண்டே இருக்கவேணும், கட்டி தட்டுப்பட்டால் உடனே வரவேணும் என்றார் டொக்டர். "நானே பார்ப்பேன்" என்று சொல்லிவிட்டேன். சொன்னபிறகு மனம் கேட்கவில்லை. உம்முடைய கை வேணும். மாதம் ஒருக்கால் போதும். அருவருப்பென்றால் வேண்டாம்.

சிங்கராசா

*

கட்டுக்கரை,
27 ஆவணி

இஞ்சேருங்கோ,

உங்களுக்குப் பேரம் பேசவும் மறந்துபோச்சு. சனிக்கிழமை முருங்கன் ஸ்டேசனில் நிற்பன், இறங்குங்கோ. வண்டிலில் வைக்கோல் போட்டு வாறன், காயம் குலுங்காது.

மாதம் ஒருக்கால் காணாது. கிழமைக்கு இரண்டு தரம், செவ்வாயும் வெள்ளியும், நீங்கள் இருக்கும்வரைக்கும். இதில் நான் குறைக்கமாட்டன்.

அன்னப்பிள்ளை