எல்லா நட்சத்திரத்திலும் சிவப்புக் கோடு

செந்தூல், கோலாலம்பூர்

அன்புள்ள அப்பாவுக்கு,

குகன் வணங்கி எழுதுவது. போனில் பேசினால் உங்களுக்குச் சரியாகக் கேட்பதில்லை என்று அம்மா சொன்னதால் எழுதுகிறேன். நான் நலம். நெஞ்சு வலி குறைந்திருக்கிறதா? ஆபரேஷனுக்கு நாள் குறித்துவிட்டார்களா?

நட்சத்திர வெளிச்சத்தை வானவில்லாகப் பிரித்துப் படமெடுக்கும் ஸ்பெக்ட்ரோகிராஃப் ஒன்று செய்தேன் என்றேனே, அதில் ஒரு கோளாறு. பெரிய கேமரா மாட்டுவதற்காகப் பெட்டியை அறுத்து ஒட்டிய பிறகு, எந்த நட்சத்திரத்தைப் பிடித்தாலும் ஒரே இடத்தில் சிவப்புக் கோடுகள் விழுந்தன. லென்ஸைத் துடைத்தேன், கேமராவை மாற்றினேன், போகவில்லை. கடைசியில் பார்த்தால், வீட்டுக்கார சீதாலெட்சுமி ஆன்ட்டி பால்கனியில் சாமி படத்துக்கு முன்னால் போட்டிருக்கும் சின்ன நியான் விளக்கு. ஒட்டிய இடத்து இடுக்கு வழியாக அதன் வெளிச்சம் உள்ளே போயிருக்கிறது. போன செவ்வாய்க்கிழமை ராத்திரி அதன் சுவிட்சைத் தட்டினேன், கோடுகள் மறைந்தன. சந்தோஷத்தில் திரும்பப் போட மறந்துவிட்டேன்.

மறுநாள் காலையில் ஆன்ட்டி கேட்டார்: "ஏன் தம்பி ஆஃப் பண்ணிட்டீங்க? உங்க அப்பாவுக்கு வேண்டிக்கிட்டுப் போட்டு வச்சது லா அது."

இப்போது விளக்கு எரிகிறது. உங்கள் பழைய குடையின் கறுப்புத் துணியை அம்மாவிடம் சொல்லி அனுப்புங்கள், பெட்டிக்குச் சுற்றிக்கொள்கிறேன். இங்கே கடையிலும் துணி கிடைக்கும். இருந்தாலும் அதையே அனுப்புங்கள்.

எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். வேலைக்கு நேரமாகிவிட்டது, முடிக்கிறேன். போன செவ்வாய்க்கிழமை ராத்திரி உங்கள் உடம்புக்கு ஒன்றும் செய்யவில்லையே அப்பா?

உங்கள் மகன்
குகன்