வேலைக்குப் போனவருக்கு

இஞ்சாருங்கோ,

இப்பிடிக் கூப்பிட்டுக் கனநாளாச்சு. திரும்பிப் பாக்க நீங்கள் இல்லை எண்டு தெரியும். ஆனாலும் வேறை எப்பிடித் தொடங்கிறது? கலியாணம் கட்டின நாளிலை இருந்து உங்களை நான் வேறை ஒண்டும் சொல்லிக் கூப்பிட்டதில்லையே.

பார்க்டேலிலை பனி கொட்டத் தொடங்கிட்டுது. அறைக்குள்ளை ஹீற்றர் வேலை செய்யேல்லை எண்டு பில்டிங்காரனிட்டை நானே இறங்கிப் போய் இங்கிலிஸிலை சொன்னனான். நம்புவியளோ? ஆரும் கதவைத் தட்டினால் உங்களை முன்னாலை தள்ளிவிட்டுட்டுக் குசினிக்குள்ளை ஓடினவள் நான். சொன்னது அவனுக்கு விளங்கிச்சுது, வந்து திருத்தியும் குடுத்தான். வீட்டை வந்து இதைச் சொல்ல ஒருத்தரும் இல்லாமல் கட்டிலிலை இருந்து அழுதனான்.

"இங்கிலிஸ் வகுப்புக்குப் போம், போம்" எண்டு ஒரே ஆக்கினை பண்ணுவியள். நீங்கள் இருக்குமட்டும் போகேல்லை. இப்ப ஒழுங்காப் போறன். வீட்டிலை இருந்தால் சுவரோடை கதைக்கவேண்டிக் கிடக்கு, அதுதான்.

ஒரு விசயம் உங்களுக்குத் தெரியவேணும். நீங்கள் போனதை மாமிக்கு நாங்கள் சொல்லேல்லை. உங்கடை அண்ணை கொழும்பிலை இருந்து ரெலிபோனிலை, "அம்மா நெஞ்சு வருத்தக்காரி, தாங்கமாட்டா. நீர் ஒண்டும் சொல்லிப்போடாதையும்" எண்டார். இங்கை உங்கடை சிநேகிதரும் அதுதான் சரி எண்டு தலையாட்டிச்சினம். என்னை ஆரும் கேக்கேல்லை. கேட்டிருந்தாலும் அப்ப எனக்கு வாய் இருந்ததோ தெரியாது.

மாமி இப்ப அண்ணையோடைதான் கொழும்பிலை இருக்கிறா. ஞாயிற்றுக்கிழமை காலமையிலை எடுப்பன், அங்கை பின்னேரம். முதல் கேள்வி எப்பவும் ஒண்டுதான். "தம்பி எங்கை பிள்ளை?"

"வேலைக்குப் போட்டார் மாமி."

"ஞாயிற்றுக்கிழமையிலையும் வேலையோ?"

"ஓம் மாமி, டபுள் சிஃப்ற்."

நம்பிறா. கனடாவிலை இருக்கிற ஆம்பிளை எந்த நேரமும் வேலையிலை நிண்டால் எங்கடை சனத்திலை ஆரும் சந்தேகப்படமாட்டினம். "உடம்பைப் பாக்கச் சொல்லு, நேரத்துக்குச் சாப்பிடச் சொல்லு" எண்டு சொல்லிப்போட்டு வைப்பா. காலமை ரெஸ்ரோறன்ரிலை கோப்பை கழுவி, பின்னேரம் ஃபக்ரறிக்கு ஓடி, அந்த ஃபக்ரறி வாசலிலைதானே நெஞ்சைப் பிடிச்சுக்கொண்டு விழுந்தனீங்கள். பிறகும் கிழமைக்குக் கிழமை உங்களை வேலைக்கு அனுப்பிக்கொண்டிருந்தனான். என்ன பாவி நான்.

வகுப்பிலை எனக்குப் பக்கத்திலை ஹலினா எண்டு ஒரு உக்ரேன்காரி. ஒரு பெரிய கட்டிடத்திலை கூட்டித் துடைக்கிற வேலை. ஒரு தடிச்ச அகராதி எப்பவும் கையிலை இருக்கும். போன கிழமை ரீச்சர் பலகையிலை "டை" எண்டு சாகிறதுக்கான சொல்லை எழுதினா. ஹலினா அகராதியைத் திறந்தால் அந்த ஒரு சொல்லுக்கே பக்கம் நிறைய எழுதிக் கிடக்குது. இங்கிலிஸ்காரருக்குக் கார் பற்றறியும் சாகுமாம், ரெலிபோனும் சாகுமாம், ஒரு கோப்பை தேத்தண்ணிக்காக ஆளும் சாகுமாம். நாங்களும் சிரிச்சுச் சாவம், பசியிலை சாவம், வெக்கத்திலை சாவம் எண்டு நான் தட்டுத்தடுமாறிச் சொன்னன். தங்களுக்கும் சிரிப்பிலை சாவு இருக்கு எண்டு ஹலினா மேசையிலை தட்டிச் சிரிச்சாள். நானும் சிரிச்சனான். உண்மையாத்தான்.

பிறகு ரீச்சர் ஆளுக்கு ஒரு வசனம் சொல்லச் சொன்னா. முன்னுக்கு இருந்தவர் தன்ரை கார் றோட்டிலை செத்த கதை சொன்னார். என்ரை முறை வந்தது. ஒண்டும் யோசிக்கேல்லை, வாய் தன்ரைபாட்டுக்குச் சொல்லிச்சுது. மை ஹஸ்பண்ட் டைட்.

ரீச்சர் வந்து தோளிலை கைவைச்சா. எனக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வரேல்லை. நீங்கள் போன பிறகு அதை நான் என்ரை வாயாலை சொன்னது அதுதான் முதல்தரம். தமிழிலை மற்ற ஆக்கள்தான் சொன்னவை. மோசம் போட்டார், தவறிட்டார், கண்ணை மூடிட்டார். செத்தவீடு எண்டு வாய் கூசாமல் சொல்லுற சனம் நாங்கள், ஆனால் எங்கடை ஆளைச் செத்தார் எண்டு சொல்ல நாக்கு எழும்பாது. இங்கிலிஸ் எங்கடை வீட்டுக்குள்ளை வராத பாசை. அதுதான் இவ்வளவு லேசாச் சொன்னனோ?

இடைவேளையிலை ஹலினா என்னைக் கூட்டிக்கொண்டு படிக்கட்டிலை போய் இருந்தாள். மாமியின்ரை கதையை எனக்குத் தெரிஞ்ச இங்கிலிஸிலை சொன்னன். பாவம் எண்டு சொல்லுவாள் எண்டு பாத்தால் அவளுக்குக் கோபம் வந்திட்டுது. மனுசர் சாகிறதுக்குத் தங்கடை பாசையிலை ஒரு சொல்லாம், மிருகம் சாகிறதுக்கு வேறை சொல்லாம். தேனீக்கு மட்டும் மனுசருக்குச் சொல்லுற சொல்லாம். அவளின்ரை தகப்பன் தேனீ வளத்தவர். ஆரும் தேனீக்கு மிருகத்தின்ரை சொல்லைச் சொன்னால் விடமாட்டாராம்.

"என்ரை அப்பா ஒரு தேனீக்கே அந்தச் சொல்லைக் குடுத்தார். உன்ரை மனுசனைப் பெத்தவளிட்டை நீ அவருக்கு ஏன் அதைக் குடுக்கேல்லை?"

எனக்குச் சுரீர் எண்டது. உனக்கு என்ன தெரியும் எங்கடை பழக்கவழக்கம் எண்டு கேக்க வந்தது. கேக்கிற அளவுக்கு இங்கிலிஸ் வரேல்லை. வகுப்பு முடிஞ்சு ஸ்ரீட்காரிலை வீட்டை வரேக்கை யோசிச்சன். எட்டுச் செலவும் முடிஞ்சு, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியும் முடிஞ்சு, பெத்த தாய் தலைமுழுகேல்லை. அது என்ன நியாயம்?

நேற்று ஞாயிறு. "தம்பி எங்கை பிள்ளை?" எண்டு மாமி கேட்டா.

"மாமி, இருங்கோ. அண்ணையைப் பக்கத்திலை நிக்கச் சொல்லுங்கோ." அண்ணை வருமட்டும் பாத்திருந்து சொன்னன். "மாமி, அவர் செத்துப்போட்டார்."

மாமி மெல்லமா, "எப்ப பிள்ளை?" எண்டா. பனிக்கு முதல் எண்டன். ஃபக்ரறி வாசலிலை எண்டன். எல்லாம் சொன்னன்.

"அப்ப இவ்வளவு காலமும் தனிய இருந்துகொண்டோ என்னோடை சிரிச்சுக் கதைச்சனி?"

அவ்வளவுதான். "என்ரை ராசா" எண்டு மாமி குரல் எடுக்க, எனக்கும் குரல் வந்தது. இங்கை உங்கடை செத்தவீட்டிலை ஆரும் குழறி அழேல்லை. கோட்டுப் போட்ட மண்டபத்து ஆக்கள் வாசலிலை நிண்டு நேரம் பாத்தவை, சனம் காதுக்குள்ளை கதைச்சது. ஒரு பொம்பிளையும் என்னைக் கட்டிப்பிடிச்சு ஒப்பாரி வைக்கேல்லை. நேற்று நானும் மாமியும் ரெலிபோனைப் பிடிச்சுக்கொண்டு உங்களுக்குச் செத்தவீடு செய்தம். பக்கத்து வீட்டுக்காரி பயந்துபோய்க் கதவைத் தட்டினாள். நான் திறக்கேல்லை.

உங்கடை அண்ணைக்கு என்னோடை கோபம். ஏசட்டும். மாமி வைக்கமுதல், "வாற ஞாயிறும் எடு பிள்ளை. எனக்கு அவனைப்பற்றிக் கதைக்க ஆர் இருக்கினம்?" எண்டா.

எடுப்பன். உங்களைப்பற்றியே கதைப்பம், அழுவம். ஆனால் ஒண்டு சொல்லுறன், இனி உங்களை வேலைக்கு அனுப்பமாட்டன். ஆர் கேட்டாலும் அனுப்பமாட்டன். களைச்சுப்போனியள், படுங்கோ.

மாமிக்கு இனிப் பிள்ளையாயும் இருக்கப்போற
உங்கடை மனிசி,
வசந்தி