நீங்கள் இல்லாமல் அம்மா காயில் கட்டிய மோட்டார்

அன்புள்ள அப்பாவுக்கு,

நடந்ததை நடந்தபடியே எழுதப்போகிறேன். அம்மா செய்த ஒரு தவறையும் எழுதுவேன். அதை எதற்கு அப்பாவிடம் சொல்கிறாய் என்று அம்மா கேட்டாள். உங்களிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது?

நீங்கள் இறந்துபோய் ஏழு மாதம் ஆகிறது. வலங்கைமானில் நம் கடை பூட்டியே கிடந்தது. போர் மோட்டார் எரிந்துபோனால், உள்ளே செம்புக் கம்பியைப் புதிதாகச் சுற்றிக் காயில் கட்ட இங்கே இப்போது ஆள் இல்லை. உங்களிடம் வேலை கற்ற அண்ணன்களில் ஒருவர் சிங்கப்பூரில் இருக்கிறார். இன்னொருவர் சென்னையில் வீடு வீடாகச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிறார். கும்பகோணத்துப் பட்டறையில் மோட்டாரை இறக்கினால் பத்து நாள் கழித்து வரச் சொல்கிறார்கள்.

அதே பட்டறைக்கு அம்மா வேலை கேட்டுப் போயிருந்தாள். ஐ.டி.ஐ. சான்றிதழ் கேட்டார்கள். பன்னிரண்டு வருஷமாக உங்களோடு செய்த வேலையைச் சொன்னாள். "வீட்டுக்காரருக்குக் கூடமாட ஒத்தாசை பண்றதெல்லாம் அனுபவம் ஆகுமாம்மா?" என்றாராம் மேனேஜர். வீட்டுக்கு வந்ததும் உலை வைத்தாள்.

பிறகு, அம்மா திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போவது, நான் ஹாஸ்டலில் சேருவது என்று முடிவானது. கடைச் சாமான்களை விலைக்கு எடுக்க ஒருவர் வெள்ளிக்கிழமை வருவதாக இருந்தார்.

செவ்வாய்க்கிழமை கோவிந்தராசு மாமா குட்டியானை வண்டியில் மோட்டாரோடு வந்துவிட்டார். குறுவைக்கு நாற்று விட்டிருக்கிறார். ஆற்றில் இன்னும் தண்ணீர் வரவில்லை.

"நாலு நாள்தான் தாங்கும், நாத்து கருகிடும். நீ கட்டிக் குடு தங்கச்சி. மச்சான் உக்காந்த பாயில நீயுந்தானே உக்காந்திருந்த?"

அம்மா மோட்டாரையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு என்னிடம் சாவியை எடுத்துவரச் சொன்னாள்.

போர் மோட்டாரில் கம்பியை ஒவ்வொரு துளையாகக் கையால்தான் கோர்க்க வேண்டும். ஒருவர் இந்தப் பக்கம் கொடுக்க, மற்றவர் அந்தப் பக்கம் வாங்கித் திருப்பித் தள்ள வேண்டும். நீங்கள் வாசல் பக்கம், அம்மா சுவர்ப் பக்கம். அன்றும் அம்மா சுவர்ப் பக்கமே போய் உட்கார்ந்தாள். உங்கள் இடத்தில் என்னை உட்காரச் சொல்லி, சுற்றுகளை எண்ணவைத்தாள். எனக்கு முழுப்பரீட்சை லீவு. இரண்டு நாளில் விரல் நுனியெல்லாம் தோலுரிந்துவிட்டது.

வியாழக்கிழமை மோட்டாரை மாமா வயல் போரில் இறக்கி ஸ்விட்சைப் போட்டார்கள். குழாயில் தண்ணீர் ஒழுகுவதுபோல் வந்தது. இறக்க வந்தவர், "பொம்பள கட்டுன மோட்டாருல்ல, வெளிய வரக் கூச்சப்படுது" என்றார். கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். மாமா சிரிக்கவில்லை. அவர் நாற்றங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அம்மா கண்ணை மூடி விரலால் காற்றில் வட்டம் போட்டுப் பார்த்தாள்.

"எப்பவும் வாசப் பக்கத்துலேர்ந்துதான் ஆரம்பிப்போம், இந்தத் தடவை என் பக்கத்துலேர்ந்தே கட்டிட்டேன். அதான் எதிர்ச்சுத்து சுத்துது" என்றாள்.

கரண்ட்டை நிறுத்தி, ஸ்டார்ட்டரில் இரண்டு ஒயரை மட்டும் இடம் மாற்றச் சொன்னாள். அடுத்த முறை தண்ணீர் தொட்டியின் எதிர்ச் சுவரில் போய் அடித்தது. சிரித்தவர் நனைந்துபோனார்.

அப்பா, இந்த வேலையில் பாதியை அம்மாதான் செய்கிறாள் என்று நீங்கள் யாரிடமாவது சொல்லியிருக்கலாம் இல்லையா? கோபத்தில் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

வெள்ளிக்கிழமை சாமான் எடுக்க வந்தவர் காலி வண்டியோடு திரும்பினார். விஷயம் பரவி, நேற்று அந்தக் கும்பகோணத்து மேனேஜரே போன் செய்தார். சான்றிதழ் இல்லாவிட்டால் பரவாயில்லை, திங்கட்கிழமையே வரலாமாம்.

"நான் அங்க வர்றதா இல்ல சார். தேங்கிக் கிடக்கிற மோட்டாரை வேணா இங்க அனுப்புங்க, கட்டித் தர்றேன்" என்றாள் அம்மா.

இப்போது கடையில், அங்கிருந்து வந்ததையும் சேர்த்து, நான்கு மோட்டார்கள் நிற்கின்றன. அம்மா வாசல் பக்கம் உட்காரப் பழகிக்கொண்டிருக்கிறாள். லீவு முடியும்வரை சுவர்ப் பக்கம் நான். அதற்குப் பிறகு ஆள் தேட வேண்டும். கிடைப்பது கஷ்டம்தான்.

யார் வந்து உட்கார்ந்தாலும் சரி, நம் கடை நோட்டில் 'கட்டியவர்' என்ற இடத்தில் இனிமேல் இரண்டு பக்கத்தார் பெயரையும் எழுதுவேன். இது நான் உங்களுக்குத் தரும் வாக்கு.

இன்னும் எழுத இருக்கிறது. ஆனால் அம்மா ஷட்டரைப் பாதி இறக்கி, விளக்குகளை அணைத்துவிட்டாள்.

சுவர்ப் பக்கத்திலிருந்து,
உங்கள் மகள்
கயல்விழி