கால் லிட்டருக்கு மேல்

என் கூடப் பிறந்த அண்ணனுக்கு,

அன்புள்ள என்று தொடங்கத்தான் கை போனது. எழுத மனம் வரவில்லை. நீ போய் இத்தனை வருடமாகியும் என் கோபம் ஆறவில்லை.

உன் மருமகள் ஜெனி இருபத்தேழாம் வாரத்தில், ஒரு கிலோகூட இல்லாமல் பிறந்தவள். மூன்று மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு, மூக்கில் குழாயும் கூடவே ஆக்சிஜன் சிலிண்டருமாக வீட்டுக்கு வந்தாள். நிமிடத்துக்குக் கால் லிட்டருக்கு மேல் வைக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். நீ துபாயிலிருந்து லீவில் வந்திருந்தாய். பத்து வருடம் அங்கே இரும்பை அறுக்கும் கேஸ் கட்டிங் வேலை பார்த்தவன்.

"ஏட்டி, பிள்ளைக்குக் கஞ்சத்தனமாட்டா காத்து குடுக்கது? எனக்குத் தெரியாத சிலிண்டரா?" என்றாய். நான் அந்தப் பக்கம் போனதும் சிலிண்டரின் திருகை இன்னும் திறந்துவிட்டாய்.

ஆக்சிஜனைப் பாய்ச்சினால் பழுக்கக் காய்ந்த இரும்பே எரிந்து அறுபடும் என்று பெருமையடித்தவன் நீதானே? பச்சைப்பிள்ளையின் நுரையீரல் எம்மாத்திரம் என்று ஏன் உனக்குத் தோன்றவில்லை?

பிள்ளை பால் குடிக்காமல் சோர்ந்து விழுந்தாள். மறுபடி ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். டாக்டர் படம் வரைந்து விளக்கினார். குறைமாதப் பிள்ளையின் நுரையீரலில் காற்றறைகள் இன்னும் பிரிந்திருக்காதாம். அளவு மீறிய ஆக்சிஜனிலிருந்து உண்டாகும் மூலக்கூறுகள் செல்களைப் புண்ணாக்குமாம். ரத்தக்குழாய்களை வளரச் சொல்லும் புரதம் குறைந்துபோகும். குழாய் வளராத இடத்தில் அறையும் பிரியாது. ஆஸ்பத்திரியில் வைத்த வென்டிலேட்டரால் வந்த சேதம் எவ்வளவு, வீட்டில் நடந்ததால் வந்தது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது என்றார்.

அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு நீ தப்பித்துக்கொண்டாய். மன்னிப்புக் கேட்கவில்லை. திரும்பிப் போய் அங்கேயே மாரடைப்பில் செத்தும் போனாய். இனி நான் யாரோடு சண்டை போட?

ஜெனி இப்போது மூன்றாம் வகுப்பு. போன வாரம் பள்ளி ஓட்டப் பந்தயத்தில் பாதியிலேயே நின்று, முழங்காலைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். வீட்டுக்கு வந்து, "எனக்கு மட்டும் ஏம்மா இப்படி?" என்று கேட்டாள். உன் பெயரைச் சொல்லத்தான் வாயெடுத்தேன். முடியவில்லை.

அந்தத் திருகு கூடுதலாகத் திறந்திருந்ததை இரண்டாம் நாளே நான் பார்த்துவிட்டேன் அண்ணா. பிள்ளையின் உதடு அதுவரை நான் காணாத சிவப்பில் இருந்தது. பார்க்க ஆசையாக இருந்தது. திருகைக் குறைக்காமல் ஒரு வாரம் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

உன்னை நான் மன்னிக்கவில்லை. விவரம் தெரிந்து அவள் மறுபடி கேட்கும்போது மறைக்காமல் சொல்வேன். உன் பெயரோடு நிறுத்திக்கொள்ள மாட்டேன்.

உன் தங்கை,
ஜெனியின் அம்மா