வாசலில் நின்றவர்

பெப்ரவரி 9, ஞாயிறு

காலை முழுக்கத் தண்ணீர் இல்லை. மொட்டைமாடித் தாங்கிக்கு ஏற்றுகிற மோட்டர் மறுபடி நின்றுவிட்டது. கீழே காவலாளி 'ஹெட்ட' என்றான். நாளைக்காம். போன கிழமையும் அதே நாளைதான்.

இந்த அலுப்புக்குள் தம்பி பிரியந்தன் வீடியோ கோலில் வந்தான்.

"அக்கா, ஒண்டு காட்டுறன். அம்மா பக்கத்திலை இல்லைத்தானே?"

கமராவைத் திருப்பினான். சாப்பாட்டு மேசை, மகளின் நிறப்பென்சில்கள், அதற்குப் பக்கத்தில் திறந்தபடி ஒரு கறுப்புப் பெட்டி. உள்ளே பிஸ்டல்.

ஏசினேன், நிறைய ஏசினேன். சின்னப்பிள்ளை இருக்கிற வீடு, உனக்கு என்ன விசரா, நிருஷா என்ன சொல்லுகிறாள் என்று. அவன் பொறுமையாகக் கேட்டான். அந்தப் பொறுமைதான் எனக்குப் பிடிக்காது. கடைசியில், "அக்கா, துவக்கை நெஞ்சுக்கு நேரை பிடிச்சது எனக்கு. உங்களுக்கில்லை" என்றான்.

அது உண்மை. டென்வருக்குப் பக்கத்தில் அவன் வேலை செய்யும் பாமசியில் போன மாதம் ஒருவன் புகுந்து, இவனுக்கு நேரே துவக்கை நீட்டி, மாத்திரைகளை அள்ளிக்கொண்டு போனான். அதற்குப் பிறகு பிரியந்தனுக்கு நித்திரை இல்லை என்று அவன் மனைவி நிருஷா சொல்லியிருந்தாள்.

இருந்தாலும் நிறப்பென்சிலுக்குப் பக்கத்தில்...

பெப்ரவரி 11

நிருஷா போன் எடுத்தாள். அழுகிற குரல். "மச்சாள், நீங்கள் சொன்னால் கேப்பார். பூட்டி வைக்கிற பெட்டியாவது வாங்கச் சொல்லுங்கோ."

நான் சொன்னால் கேட்பானாம். நாற்பத்தொரு வயதில் இப்போது கேட்கப்போகிறான்.

மார்ச் 14, வெள்ளி

கொட்டாஞ்சேனையில் நான் வேலை செய்யும் கந்தோருக்கு எதிர்ச் சந்தியில், சலூனுக்கு முன்னால் ஒருவனைச் சுட்டுவிட்டார்கள். பட்டப்பகல். மோட்டார் சைக்கிளில் இரண்டு பேர், தலைக்கவசத்தோடு. யாரோ லொறியிலிருந்து தகரத்தைப் போட்டார்கள் என்றுதான் நினைத்தேன். கூட வேலை செய்யும் சிறில்தான் என் தோளைப் பிடித்து மேசைக்குக் கீழே அமத்தினான். துறைமுகத்திலிருந்து பெட்டிகள் இறக்கிக் கொடுக்கிற கந்தோர் எங்களுடையது. சத்தம் எங்களுக்குப் பழக்கம். இது அந்தச் சத்தம் இல்லை என்று அவனுக்கு உடனே தெரிந்திருக்கிறது.

"வெளிய போகவாணாம் மிஸ்," என்று சொல்லிக்கொண்டே இருந்தான். பிறகு அவனே போய்ப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தான்.

"அவன எனக்குத் தெரியும். அவன்ட ஞானஸ்நானத்துக்கு நான் போயிருக்கேன்."

செத்தவன் நல்லவனா, கெட்டவனா, எந்தக் கும்பல் என்ற விசாரணை அதற்குள் கந்தோரில் தொடங்கிவிட்டது. பக்கத்து மேசை மெற்றில்டா, சந்திக்குச் சந்தி ஆமியை நிறுத்த வேண்டும் என்கிறாள். கணக்குப் பகுதி ஆள், வியாபாரிகள் எல்லோருக்கும் லைசன்ஸ் கொடுக்க வேண்டும் என்கிறார். சிறிலின் முன்னால் தேத்தண்ணீர் ஆறிப்போய் இருந்தது.

பஸ்ஸுக்கு நடந்தபோது ஒவ்வொரு மோட்டார் சைக்கிளுக்கும் மதிலோடு ஒட்டினேன். ஒரு கணம், என்னிடமும் ஒன்று இருந்தால் என்று வந்தது. எழுதத்தானே வேண்டும், வந்தது. பிறகு யோசித்தேன். எங்கே வைத்திருப்பேன்? கைப்பையில், சாப்பாட்டுப் பெட்டிக்குக் கீழே, குடைக்கும் கீழே. தேடி எடுப்பதற்குள் அவர்கள் பேலியகொடை தாண்டிவிடுவார்கள்.

மார்ச் 15

செய்தி பார்த்துவிட்டுப் பிரியந்தன் எடுத்தான். சுகமா என்று கேட்டான், சரி. உடனேயே, "பாத்தீங்களோ, உங்கடை நாட்டிலை சனத்திட்டைத் துவக்கு இல்லை. கள்ளனிட்டை மட்டும்தான் இருக்கு. இதைத்தான் நான் சொல்லுறன்."

"உன்ரை நாட்டிலை ரெண்டு பேரிட்டையும் இருக்கு. அதாலை பள்ளிக்கூடத்திலை பிள்ளையள் மேசைக்குக் கீழை ஒளிக்கப் பழகுதுகள்."

"நீங்களும் நேற்று மேசைக்குக் கீழைதானே அக்கா."

வைத்துவிட்டேன். சாகாமல் வந்திருக்கிறேன், அதுவும் அவனுடைய கட்சிக்கு ஒரு நியாயம்.

ஏப்ரல் 3, வியாழன்

ரொறொன்ரோவிலிருந்து சித்தி ஒரு வீடியோ அனுப்பியிருந்தா. கூடவே கைதட்டுகிற படங்கள் ஒரு வரிசை. மதியம் கந்தோரில் திறந்தேன்.

பிரியந்தன். கோட் போட்டு, மைக்குக்கு முன்னால். அவனுடைய ஊர் நகரசபை. பூங்காவுக்குள், நூலகத்துக்குள் யாரும் துவக்கு கொண்டுபோகக் கூடாது என்று ஒரு விதி வரப்போகிறதாம். அதைப் பற்றி ஊர்ச்சனம் எழும்பிப் பேசலாம். அவன் எழும்பிப் பேசியிருக்கிறான்.

பாமசியைப் பற்றிச் சொல்வான் என்று நினைத்தேன். அதைச் சொல்ல அவனுக்கு எல்லா உரிமையும் உண்டு. ஆனால் அவன் சொன்னது அப்பாவின் கதையை:

நான் பிறக்கும் முன் கொழும்பில் எங்கள் வீட்டுக்கு ஒரு கும்பல் வந்தது. என் அப்பா தேங்காய் உரிக்கிற அலவாங்கோ என்னவோ, கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு வாசலில் நின்றார். அம்மாவும் அக்காவும் பின்பக்கத்தால் தப்பினார்கள். அவர் வாசலிலேயே இறந்தார். அவரிடம் ஒரு துவக்கு இருந்திருந்தால் நான் அவரைக் கண்டிருப்பேன்.

இங்கிலீஷில், இதே ஒழுங்கில். மண்டபம் எழும்பி நின்று கைதட்டுகிறது.

அப்பா வாசலில் நிற்கவில்லை. எனக்கு அப்போது எட்டு வயது, எனக்குத் தெரியும். எண்பத்துமூன்று யூலைக் கலவரம், அந்தத் திங்கட்கிழமை, அப்பா வேலைக்குப் போனபிறகு நாங்கள் பக்கத்து வீட்டு சாமான் அறைக்குள் போய்விட்டோம். கும்பல் வந்தபோது எங்கள் வீட்டில் ஒருத்தரும் இல்லை. வெறும் வீட்டைத்தான் கொளுத்தினார்கள். அப்பா கொள்ளுப்பிட்டிக் கந்தோரிலிருந்து வீட்டுக்கு நடந்தவர். பம்பலப்பிட்டி வரை தன்னோடு நடந்தார் என்று ஒருவர் பிறகு வந்து சொன்னார். அதற்குப் பிறகு ஒருவரும் காணவில்லை. உடம்பும் கிடைக்கவில்லை.

என்ன துணிவு இவனுக்கு. என்ன துணிவு!

ஏப்ரல் 4

துவக்கு வேண்டும் என்பவர்களின் ஏதோ ஒரு இணையப் பக்கம் அந்த வீடியோவை எடுத்துப் போட்டிருக்கிறது. சனம் கீழே எழுதி எழுதி அடிபடுகிறது. இந்த மனிதர்தான் உண்மையான அமெரிக்கன் என்கிறது ஒன்று. உன் நாட்டுக்கே போ என்கிறது இன்னொன்று. அந்தக் கும்பலிடமும் துவக்கு இருந்திருந்தால் உன் அம்மாவும் தப்பியிருக்க மாட்டாள் என்று ஒரு பெண், நல்ல கெட்டிக்காரி மாதிரி, எழுதியிருக்கிறாள். அதற்கும் விருப்பம் போட்டிருக்கிறார்கள்.

இரண்டு பக்கமும் அப்பாவை இழுத்து இழுத்து அடிபடுகிறது. அவருடைய பெயர் இராசரத்தினம் என்று ஒருத்தருக்கும் தெரியாது. வெற்றிலை போடமாட்டார், ரேடியோவில் கிரிக்கெட் கேட்கும்போது கதைத்தால் கோபம் வரும். அதெல்லாம் அவர்களுக்கு எதற்கு.

ஏப்ரல் 5, சனி

எடுத்தேன். வணக்கம் சுகம் ஒன்றும் இல்லை.

"உனக்கு ஆர் சொன்னது அப்பா வாசல்லை நிண்டவர் எண்டு? படத்திலை பாத்தனியோ? கைதட்டு வாங்க அப்பாதான் கிடைச்சவரோ உனக்கு?"

அவன் கத்தவில்லை. குழம்பிப்போன குரலில் சொன்னான்:

"அம்மாதான் சொன்னவா."

"அம்மா அப்பிடிச் சொல்லமாட்டா."

"அக்கா, நான் சின்னனிலை ஒவ்வொரு நாளும் கேப்பன். ஒவ்வொரு நாளும் சொல்லுவா. என்ன நடந்தது இப்ப?"

போனை வைத்தேன். அம்மா முன்னறையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தா. கேட்கவில்லை. கேட்க முடியவில்லை.

ஏப்ரல் 6, ஞாயிறு

கேட்டுவிட்டேன்.

முதலில் வீடியோவைக் காட்டினேன். அம்மாவுக்கு அவன் பேசுகிற இங்கிலீஷ் பிடிபடவில்லை. நான் ஒவ்வொரு வசனமாகச் சொன்னேன். வாசல் வந்ததும் அம்மா, "நிப்பாட்டு" என்றா.

பிறகு சேலைத் தலைப்பால் போனின் கண்ணாடியைத் துடைத்தா, ஏதோ அதில் அழுக்கு இருக்கிற மாதிரி.

"நான்தான் சொன்னனான், பிள்ளை."

"ஏன் அம்மா?"

"பள்ளிக்கூடத்திலை பொடியள் கேட்டிருக்கிறாங்கள், உன்ரை அப்பா எப்பிடிச் செத்தவர் எண்டு. வந்து என்னட்டைக் கேட்டான். தெரியாது எண்டு எப்பிடிச் சொல்லுறது? அப்பற்றை மடியிலை ஒருநாளும் இருக்காத பிள்ளை. றோட்டிலை ஆரோ பிடிச்சாங்கள், எந்த இடமெண்டும் தெரியாது, உடம்பும் கிடைக்கேல்லை எண்டு அவனுக்குச் சொல்லவோ? அதான், வாசல்லை நிண்டவர், எங்களை விடேல்லை எண்டன். அண்டைக்குத்தான் நித்திரை கொண்டவன்."

"எனக்கு ஒருநாளும் அப்பிடிச் சொல்லேல்லையே."

"உனக்கு என்னத்தைச் சொல்ல. நீ என்னோடை அந்த அறைக்குள்ளை இருந்தனீ."

எனக்கு யாரில் கோபப்படுவது என்று தெரியவில்லை. மூன்று நாளாக நன்றாகப் பழுக்கக் காய்ச்சி வைத்திருந்த கோபம், இறக்கி வைக்க இடமில்லாமல் நிற்கிறது.

ஏப்ரல் 8

அம்மாவே சொல்வதாகச் சொல்லிவிட்டா. நான் சொல்லக் கூடாதாம்.

ஏப்ரல் 12, சனி

காலையில் சாமி கும்பிட்டுவிட்டு வந்து, "எடு அவனை" என்றா. வீடியோ வேண்டாம், குரல் போதும் என்றா. நான் எழும்பப் போனேன். கையைப் பிடித்து இருத்திக்கொண்டா.

சுற்றி வளைக்கவில்லை. "மோனை, அப்பா வாசல்லை நிக்கேல்லை. அது நான் உனக்குச் சொன்ன கதை. அவர் வீட்டை வந்துகொண்டிருந்தவர். வந்து சேரேல்லை."

தொடர்பு அறுந்துவிட்டதா என்று போனைப் பார்த்தேன். இல்லை.

பிறகு, "அப்ப ஒருத்தரும் காணேல்லையோ?"

"இல்லை மோனை."

"கையிலை ஒண்டும் இருக்கேல்லையோ?"

"குடை கொண்டு போனவர்."

அவன் அழுதானா என்று தெரியாது. அம்மா அழவில்லை. "நீ துவக்கு வைச்சிரு, வையாமல் விடு, உன்ரை வீடு. நான் பொய் சொன்னனான், அதை நீ சபையிலை சொல்லிப்போட்டாய். எனக்கு அதுதான் தாங்கேல்லை," என்றா. அவன் சரி அம்மா என்று வைத்தான்.

ஏப்ரல் 14

வருஷப்பிறப்பு. அவன் எடுக்கவில்லை. நிருஷாவும் பிள்ளையும் எடுத்துக் கதைத்தார்கள்.

மே 4, ஞாயிறு

இன்னும் அவன் எடுக்கவில்லை. அம்மா ஒவ்வொரு ஞாயிறும் போனைச் சார்ஜில் போட்டு மடியில் வைத்திருக்கிறா. எனக்கு எரிச்சல் எல்லாம் திரும்பி வருகிறது. நாற்பது வருடமாக இந்த மனுசி எதைச் சுமந்தா என்று யோசிக்காமல், தன் கதை உடைந்துவிட்டது என்று மூலைக்குள் போய் இருக்கிறான்.

அல்லது — எனக்கு அப்பாவின் குரல் ஞாபகம் இருக்கிறது. அவனுக்கு இருந்தது அந்த வாசல் மட்டும்தான். அதையும் எடுத்துவிட்டோம்.

மே 19

நிருஷா: அந்தத் துவக்குப் பக்கத்துக்காரர்கள் அவனை அமெரிக்கத் தலைநகரத்துக்கு வந்து பெரிய கூட்டத்தில் அதே கதையைச் சொல்லக் கேட்டிருக்கிறார்களாம். விமானச் சீட்டு, ஹொட்டேல் எல்லாம் அவர்கள் பொறுப்பு.

"போறானோ?"

"ஒண்டும் சொல்லுறார் இல்லை மச்சாள். கேட்டால் எழும்பிப் போயிடுறார். ஆனா பூட்டுற பெட்டி வாங்கிட்டார்."

போவான். கைதட்டு ருசி.

யூன் 5

கொட்டாஞ்சேனையில் கோயில் திருவிழாவுக்குச் சோடனை தொடங்கிவிட்டது. சலூன் திறந்திருக்கிறது. சிறில் இப்போது மற்றப் பக்கத்தால் சுற்றி வருகிறான்.

யூன் 19, வியாழன்

நிருஷா ஒரு வீடியோ அனுப்பினாள். ஒன்றும் எழுதவில்லை. அதே நகரசபை, அதே மைக். கோட் இல்லை, பாமசி வேலை உடுப்போடு வந்திருக்கிறான். மெலிந்துவிட்டான்.

போன தடவை இந்த இடத்தில் என் அப்பாவைப் பற்றி ஒன்று சொன்னேன் என்று தொடங்கினான். அது சரியில்லை. அவர் வீட்டு வாசலில் இறக்கவில்லை. வேலையிலிருந்து வீட்டுக்கு நடந்து வந்துகொண்டிருந்தார். என்ன நடந்தது என்று எங்களுக்குத் தெரியாது. துவக்கு இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்றும் எனக்குத் தெரியாது. நான் இந்த விதிக்கு இன்னமும் எதிர்தான். என் நெஞ்சுக்கு நேரே துவக்கு நீட்டினவன் எந்த விதியையும் வாசித்துவிட்டு வரவில்லை. ஆனால் என் அப்பாவை என் பேச்சிலிருந்து எடுத்துவிடுங்கள். அவர் பெயர் இராசரத்தினம்.

ஒருவரும் கைதட்டவில்லை. தலைவர் நன்றி சொல்லி அடுத்த ஆளைக் கூப்பிட்டார். அவன் கதிரைகளுக்கு இடையால் நடந்து வெளியே போகிறதோடு வீடியோ முடிகிறது.

எந்தப் பக்கமும் இதை எடுத்துப் போடவில்லை, தேடிப் பார்த்தேன். சித்தியும் அனுப்பவில்லை. தலைநகரத்துக்கும் அவன் போகவில்லை.

அம்மாவுக்குப் போட்டுக் காட்டி, தமிழில் சொல்லிக்கொண்டு வந்தேன். பெயர் வந்த இடத்தில் என் மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

யூலை 6, ஞாயிறு

இன்று பிரியந்தன் எடுத்தான். அம்மாவோடு கன நேரம். என்ன கதைத்தார்கள் என்று நான் கேட்கவில்லை, குசினியில் இருந்தேன். இரண்டு தரம் அம்மா சிரித்தது கேட்டது.

பிறகு போன் என் கைக்கு வந்தது. விதி நிறைவேறிவிட்டதாம். அவனுக்குக் கொதிப்பு. இனிப் பூங்காவில் கள்ளனுக்குக் கொண்டாட்டம் என்றான். பூங்காவில் ஊஞ்சல் ஆட உனக்கு என்னத்துக்குத் துவக்கு என்றேன். உங்களுக்கு விளங்காது அக்கா என்றான். எனக்கு விளங்கிறது கூடிப்போச்சு என்றேன். பாமசி என்றான், சலூன் என்றேன், உங்கடை பொலிஸ் என்றான், உன்ரை பள்ளிக்கூடங்கள் என்றேன். அடுப்பில் கத்தரிக்காய் அடிப்பிடித்தது. இரண்டு பேரும் விட்டுக்கொடுக்கவில்லை. எனக்குத் தலையிடி வந்துவிட்டது, இப்போதும் இருக்கிறது.

அவ்வளவு நேரச் சண்டையில் ஒரு இடத்திலும் அப்பா வரவில்லை.